மாமாவின் கடை ஏன் இன்னும் விண்டோஸ் 10இல் நிற்கிறது?

தம்பி, மற்ற ஆக்களும் வாசிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியைச் சுருக்கி மேலே போட்டுவிடுகிறேன். உங்கள் லப்டொப் விண்டோஸ் 11க்கு மாறிக் கனகாலம். பரந்தனில் மாமாவின் ஹாட்வெயார் கடையில் பில் போடும் கொம்பியூட்டர் இன்னமும் விண்டோஸ் 10. கிளிநொச்சியில் வங்கியில் வேலை செய்யும் அக்காவும் தங்கள் கிளையில் அண்மையில்தான் மாற்றினார்கள் என்கிறார். பணமும் ஆளும் உள்ள இடங்கள் ஏன் வீட்டுக்காரரை விடப் பிந்துகின்றன? மாமாவை உடனே மாற்றச் சொல்லலாமா?

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன். மாற்றத்தான் வேண்டும், ஆனால் நாளைக்கே வேண்டாம். ஏன் என்பதற்கு முதலாவது கேள்விக்குள் போக வேண்டும்.

வீட்டுக்காரர் விண்டோஸ் போன்ற இயங்குதளத்தை வாங்குவதில்லை. கொம்பியூட்டரை வாங்குகிறார், அதோடு எது வந்ததோ அது அவருடையது. நிறுவனமோ பில் மென்பொருளுக்கும் களஞ்சியக் கணக்குக்கும் பாஸ்புக் அடிக்கும் பிரின்டருக்குமாகத்தான் கொம்பியூட்டரை வைத்திருக்கிறது. அவை ஓடும்வரைக்கும் அடியில் இருக்கும் விண்டோஸை மாற்ற அதற்கு ஒரு காரணமும் கிடையாது. வீட்டில் ஏதும் பழுதானால் ஒருவருடைய பின்னேரம் போகும். கடையில் பழுதானால் சீமெந்து ஏற்ற வந்த லான்ட்மாஸ்டர்கள் வாசலில் வரிசையில் நிற்கும். நட்டத்தை யார் சுமப்பது என்பதுதான் இதில் பெரிய வித்தியாசம்.

ஆனால் வீட்டுக்காரர் புதிதை ஆசையோடு ஏற்கிறார் என்ற கதையை நான் அவ்வளவாக நம்புவதில்லை. பாதிப்பேர் எதையும் ஏற்கவே இல்லை, வந்ததை வைத்திருக்கிறார்கள். 2015 ஜூலை 29இல் விண்டோஸ் 10 வந்தபோது, 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு ஒரு வருடம் இலவசம் என்று மைக்ரோசொப்ட் அறிவித்தது. திரையின் மூலையில் ஓர் அறிவிப்பு வந்து வந்து நச்சரித்தது. கன இடங்களில் கேட்காமலேயே பல ஜிபி இறங்கியது. டொங்கிளில் காசு கொடுத்து டேட்டா போட்டவர்களுக்கு அது பரிசாகவா தெரிந்திருக்கும்? எங்கள் பக்கத்தில் பலர் இன்றைக்கும் புதுப்பிப்பு தானாக இறங்காமல் இருக்க இணைய இணைப்பை அளவிடப்பட்ட இணைப்பு என்று குறித்து வைத்திருப்பது அந்தக் காலத்துப் பழக்கம். "அண்ணை, உந்த அப்டேட்டை ஒரேயடியா நிற்பாட்டித் தாங்கோ" என்று இப்போதும் கேட்டு வருகிறார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த இலவசம் ஹோம், புரோ பதிப்புகளுக்குத்தான். பெரிய நிறுவனங்கள் பாவிக்கும் என்டர்பிரைஸ் பதிப்புக்கு அது தரப்படவில்லை. வீட்டுக்காரரைத் தள்ளிக்கொண்டு போகலாம், நிறுவனத்தோடு பேசித்தான் காரியம் பார்க்க வேண்டும் என்பது மைக்ரோசொப்டுக்கு நன்றாகத் தெரியும்.

அது விண்டோஸ் விஸ்டாவில் கற்ற பாடமாக இருக்கலாம். விஸ்டாவை 2006 நவம்பர் 30இல் நிறுவனங்களுக்குத்தான் முதலில் கொடுத்தார்கள். கடைகளுக்கு வந்தது 2007 ஜனவரி 30இல். முதலில் கிடைத்தவர்களே அதைத் தொடவில்லை. புதிய இயந்திரங்களை விஸ்டா உரிமத்தோடு வாங்கி, பழைய பதிப்புக்கு இறங்கும் உரிமையைப் பாவித்து, அதற்கு முந்திய எக்ஸ்பியைப் போட்டுக்கொண்டார்கள். வீட்டுக்கு வாங்கியவர்கள் வந்த விஸ்டாவோடு மாரடித்தார்கள். ஏ9 மூடிக் கிடந்த அந்த வருடங்களில் வன்னியில் எவருக்கும் விஸ்டா ஒரு கவலையாக இருக்கவில்லை. மீள்குடியேறி, மின்சாரம் வந்து, கொம்பியூட்டர் என்று ஒன்று மேசைக்கு வந்தபோது அதில் எக்ஸ்பி அல்லது 7 இருந்தது. விண்டோஸ் 8க்கும் அதே கதிதான். ஸ்டார்ட் பட்டனை எடுத்துவிட்ட ஒரு பதிப்புக்கு நூற்றுக்கணக்கான ஊழியர்களைப் பழக்க எந்த நிறுவனம் காசு செலவழிக்கும்? எக்ஸ்பியில் இருந்து 7க்கு, 7இல் இருந்து 10க்கு என்று ஒன்றைத் தாண்டி ஒன்றில் கால் வைத்தே நிறுவனங்கள் வந்திருக்கின்றன. ஒவ்வொரு தடவையும் அவர்களை அசைத்தது பழையதன் முடிவுத் திகதி, அதாவது மைக்ரோசொப்ட் அதற்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்தும் நாள்: எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8, விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14, இப்போது விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14.

சரி, நிறுவனம் மாறும்போது என்ன செய்கிறது? வன்னியில் இருப்பவருக்கு இதை விளங்கப்படுத்துவது சுகம். புது நெல்லினம் ஒன்று வந்தால் முழு வயலிலும் ஒரேயடியாக விதைக்கிறவர் எவருமில்லை, ஒரு துண்டில் போட்டு ஒரு போகம் பார்ப்பார். நிறுவனத் தொழில்நுட்பப் பிரிவும் அப்படித்தான். முதலில் தங்கள் சொந்த இயந்திரங்கள், பிறகு ஒரு கிளை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மற்றவை. அக்காவின் கிளையில் எப்போது மாற்றுவது என்பதில் முகாமையாளருக்கே சொல் இருந்திருக்காது. கொழும்பில் தலைமையகம் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்த பிறகுதான் கிளைக்கு வரும். வங்கிகளிலும் அலுவலகங்களிலும் இன்னொரு சிக்கல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் என்ற பழைய உலாவி. அதற்கென்றே எழுதிய உள்ளக மென்பொருள்கள் உலகம் முழுக்கக் கிடந்தன. 2022 ஜூன் 15இல் அதை நிறுத்திய மைக்ரோசொப்ட், எட்ஜ் உலாவிக்குள் ஒரு எக்ஸ்புளோரர் முறையை வைத்துக் குறைந்தது 2029 வரைக்கும் ஆதரவு தருவதாகச் சொன்னது. அந்த வசதி நிறுவனங்களுக்காக வைத்தது. வீட்டில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

விண்டோஸ் 11இன் ஒவ்வொரு வருடாந்தப் பதிப்புக்கும் ஹோம், புரோவில் 24 மாதம் ஆதரவு. என்டர்பிரைஸ், எடியுகேஷனில் 36 மாதம். ஹோம் வைத்திருப்பவர் புதுப்பிப்பை ஐந்து கிழமைக்கு மேல் ஒத்திவைக்க முடியாது. புரோவில் ஒழுங்குபடுத்தி வைத்தால் பெரிய பதிப்பு மாற்றத்தை 365 நாள் வரைக்கும், மாதாந்தப் பாதுகாப்புத் திருத்தத்தை 30 நாள் வரைக்கும் தள்ளலாம். ஏடிஎம், வைத்தியசாலை இயந்திரம் போன்றவற்றுக்கு எல்டிஎஸ்சி என்று ஒரு பதிப்பு இருக்கிறது. அதில் வசதிகள் மாறுவதே இல்லை, திருத்தங்கள் மட்டும் வருடக்கணக்கில் வரும். உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்திலும் இதே பிரிவுதான்: ஆர்வக்காரருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு, வேலை நடக்க வேண்டியவர்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வந்து ஐந்து வருடம் ஆதரவு பெறும் பதிப்பு.

அச்சகங்களைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். பழையதை விடாமல் பிடித்திருப்பதற்கு அதை விட நல்ல உதாரணம் எங்கள் பக்கத்தில் இல்லை. கலியாணக் கார்ட், மரண அறிவித்தல், அந்தியேட்டிக் கல்வெட்டு எல்லாம் பல இடங்களில் இன்றைக்கும் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில்தான் அடுக்கப்படுகின்றன, எழுத்துரு பாமினி. பேஜ்மேக்கர் 7 வந்தது 2001இல். அதற்குப் பிறகு அடோபி புதிய பதிப்பே விடவில்லை, எல்லாரையும் தன்னுடைய புதிய மென்பொருளான இன்டிசைனுக்குப் போகச் சொன்னது. போனிலும் இணையத்திலும் தமிழை எழுதும் பொதுக் குறியீடான யுனிகோட் பேஜ்மேக்கருக்குத் தெரியாது. பாமினியோ ஆங்கில எழுத்துகளின் குறியீட்டில் தமிழ் உருவத்தை வைத்திருக்கும் பழைய வகை எழுத்துரு. அது இல்லாத இயந்திரத்தில் அந்தக் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகள்தான் கொட்டிக் கிடக்கும். பேஜ்மேக்கர் புது விண்டோஸில் ஓடவே ஓடாது என்றில்லை, தட்டித் தடவி ஓட வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அச்சடிக்கும்போது எங்கே மக்கர் பண்ணும் என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது. நாளைக் காலை எட்டுச் செலவுக்கு நோட்டீஸ் வேண்டும் என்று ஆள் வாசலில் நிற்கும்போது அந்த உறுதிதான் வேண்டும். அதனால் அந்த மேசையில் இன்னும் விண்டோஸ் 7, சில இடங்களில் எக்ஸ்பி.

இங்கேதான் வீட்டுக்காரரின் வேகமும் கடைக்காரரின் நிதானமும் நேருக்கு நேர் முட்டுகின்றன. கனடாவில் இருக்கும் மகன் கல்வெட்டுக்கான வரிகளைப் போனில் தட்டி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அது யுனிகோட். அச்சகத்தில் இருக்கும் பிள்ளை அதைப் பாமினிக்கு மாற்றி, மாற்றும்போது உடைந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும். வாடிக்கையாளர் மூன்று போன் மாற்றிவிட்டார், அச்சகம் ஒரு மென்பொருளையும் மாற்றவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வருடக்கணக்கான கோப்புகள் அந்த அமைப்பில் கிடக்கின்றன. இன்டிசைனுக்கு மாதச் சந்தா டொலரில். பாமினித் தட்டச்சில் ஓடிப் பழகிய விரல்களுக்கு ஒரு மதிப்பு உண்டு.

அலுவலகங்களிலும் இதன் சிறிய வடிவம் ஒன்று இருக்கிறது. விண்டோஸ் 7 வரைக்கும் லதா எழுத்துரு தானாகவே இருந்தது. 10இல் இருந்து அது மேலதிகமாகச் சேர்க்க வேண்டிய பொதிக்குள் போய்விட்டது. பழைய கடிதத்தைப் புது இயந்திரத்தில் திறந்தால் வேறு எழுத்துருவில் விழுந்து பக்கம் குலையும். அமைப்பில் போய்த் தமிழ்த் துணை எழுத்துருக்களைச் சேர்த்துவிட்டால் சரி. வீட்டில் இது ஒரு தொந்தரவு. ஐம்பது படிவ மாதிரிகள் வைத்திருக்கும் அலுவலகத்தில் ஒரு கிழமை வேலை.

விண்டோஸுக்கு முந்திய டொஸ் காலத்துக் கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்களின் பாடு இன்னும் மோசம். விண்டோஸ் 10இல் 32-பிட் பதிப்பு ஒன்று இருந்தது. அந்தப் பழைய 16-பிட் நிரல்கள் அதில் ஓடின. விண்டோஸ் 11 முழுக்க 64-பிட். அவர்களுக்கு மாறுவது என்றால் மென்பொருளையே புதிதாக எழுதுவிப்பது.

இவ்வளவையும் சொன்னதால் பிந்துவதுதான் புத்தி என்று நினைத்துவிட வேண்டாம். 2017 மே 12இல் வன்னாகிரை என்ற கப்பம் கேட்கும் நிரல் உலகம் முழுக்கப் பரவிப் பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவையையே முடக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் 14இலேயே வந்துவிட்டது. இரண்டு மாதம் பரீட்சித்துக்கொண்டு அல்லது சும்மா இருந்த இடங்கள்தான் அகப்பட்டன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7. தானாகப் புதுப்பித்துக்கொண்ட வீட்டு விண்டோஸ் 10கள் தப்பின. மறுபக்கமும் நடந்திருக்கிறது. 2018 ஒக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு சிலருடைய கோப்புகளையே அழித்தது. சில நாளில் அதைத் திருப்பி எடுத்து, நவம்பர் நடுவில்தான் திரும்ப விட்டார்கள். பட்டனை அமத்தி முந்தி எடுத்த வீட்டுக்காரர்கள்தான் அதில் மாட்டினார்கள், ஒத்திவைத்த நிறுவனங்களுக்குச் செய்தி மட்டும் வந்தது. 2024 ஜூலை 19இல் நடந்தது வேறு மாதிரி. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பிழையான ஒரு கோப்பால் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் இயந்திரங்கள் நீலத் திரையில் நின்றன. விமான நிலையங்கள், வங்கிகள், வைத்தியசாலைகள் ஸ்தம்பித்தன. வீட்டுக் கொம்பியூட்டர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் அது நிறுவனங்களுக்கு விற்கும் மென்பொருள். அத்தனை நிதானமாக இயங்குதளத்தைப் பரீட்சிக்கிற இடங்களில், அதற்குள் இருந்த இன்னொன்று தன்பாட்டில் புதுப்பித்துக்கொண்டிருந்தது.

இனி விண்டோஸ் 11. இதில் இரு தரப்பையும் மறித்தது இயந்திரம். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், புரொசசர் இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு இது பெரிய விடயம் அல்ல, நாலைந்து வருடத்துக்கு ஒரு தடவை எப்படியும் மாற்றுவார்கள். அவர்கள் கழித்துவிட்ட மேசைக் கணினிகளும் லப்டொப்களும்தான் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து கிளிநொச்சி, முல்லைத்தீவு ரியூட்டரிகளுக்கும் கடைகளுக்கும் வீடுகளுக்கும் வருகின்றன. அங்கே ஒரு நிறுவனம் 11க்கு மாற எறிந்த ஆறாம், ஏழாம் தலைமுறை இயந்திரம், இங்கே ஒரு பிள்ளையின் முதல் கொம்பியூட்டர். 2022இல் டொலர் சில மாதத்தில் 200 ரூபாவில் இருந்து 360க்கு மேல் போனபோது புது இயந்திரம் வாங்கும் யோசனையையே பலர் விட்டார்கள். எங்கள் பக்கத்தில் வீட்டுக்காரர் வேகம், நிறுவனம் நிதானம் என்று பிரிக்க முடியாமல் போவது இதனால்தான்.

அந்தப் பழைய இயந்திரங்களில் பலருக்குத் தெரியாத ஓர் இலாபமும் உண்டு. நிறுவனங்களுக்காகச் செய்தவை என்பதால் கன இயந்திரங்களின் மதர்போர்டிலேயே விண்டோஸ் புரோவின் உரிமச் சாவி பதிந்திருக்கும். அது தெரியாமல் கடையில் கிராக் போட்ட, உரிமம் இல்லாத பதிப்பை மேலே அடித்துவிடுகிறார்கள். விண்டோஸ் 8இற்குப் பிறகு வந்த இயந்திரம் என்றால், சுத்தமாக ஒரு புரோவைப் போட்டு இணையத்தில் தொடுத்துப் பாருங்கள். தானாகவே உரிமம் ஏற்றுக்கொண்டால் நல்லது.

போனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வன்னியில் பெரும்பாலான ஆக்களின் முதல் இயங்குதளம் அன்ட்ராய்ட். அதை மாற்றுவது பாவிக்கிறவரோ நிறுவனமோ அல்ல, வங்கிச் செயலியும் வாட்ஸ்அப்பும். அவை பழைய பதிப்பைக் கைவிடும் நாளில் போன் மாறும்.

இப்போது மாமாவிடம் வருவோம். எனக்கு உண்மையில் கவலை தருவது பெரிய வங்கிகள் அல்ல, மாமா மாதிரிக் கடைகள்தான். வங்கியைப் போல ஒரு மென்பொருளில் முழு வியாபாரமும் தொங்குகிறது, ஆனால் இயந்திரத்தை வைத்திருப்பது வீட்டுக்காரர் மாதிரி. ஹோம் பதிப்பு, அதுவும் சில இடங்களில் கிராக். பிரதி எடுத்து வைப்பதில்லை. அதே இயந்திரத்தில் பிள்ளைகள் கேம் விளையாடுவார்கள். கனகாலம் ஒத்திவைக்கும் வசதியும் இல்லை, பரீட்சித்துப் பார்க்க இரண்டாவது இயந்திரமும் இல்லை.

திருத்தங்களைக் காசு கொடுத்து நீட்டிக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். வீட்டுக்காரருக்கு மைக்ரோசொப்ட் அறிவித்தது 2026 ஒக்டோபர் 13 வரைக்குமான ஒரு வருடம்: 30 டொலர், அல்லது மைக்ரோசொப்ட் கணக்கில் அமைப்புகளைச் சேமிக்கச் சம்மதித்தால் இலவசம். நிறுவனத்துக்கு ஓர் இயந்திரத்துக்கு முதல் வருடம் 61 டொலர், ஒவ்வொரு வருடமும் இரட்டிப்பு, மூன்று வருடம் வரைக்கும். கூட்டினால் 427 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தாலும் 1,28,000 ரூபாவுக்கு மேல். அந்தக் காசுக்கு விண்டோஸ் 11 ஓடக்கூடிய, பாவித்த இயந்திரம் ஒன்றை வாங்கிவிடலாம். வீட்டுக்கான மலிவுத் திட்டம் தனிப்பட்ட பாவனைக்கு என்பதையும் மாமாவுக்குச் சொல்லுங்கள். கிராக் பதிப்பு என்றால் இரண்டையும் மறந்துவிடலாம்.

ஆகவே நான் மாமாவுக்குச் சொல்வது இது. முதலில் பில் மென்பொருள் போட்டுத் தந்தவரிடம் 11இல் ஓடுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வந்தாலும் போதும். பிரின்டருக்கு அதை இயக்கும் 64-பிட் டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய டொட் மற்றிக்ஸ் என்றால் இங்கேதான் இடறும். இயந்திரம் எட்டாம் தலைமுறைக்குக் கீழே என்றால் அதைக் கட்டாயப்படுத்தி 11 ஆக்க வேண்டாம். யூடியூப்பில் வழி காட்டுவார்கள், ஆனால் அடுத்த பதிப்பு அதில் ஏறும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வீட்டு லப்டொப்பில் அந்த விளையாட்டை நீங்கள் விளையாடலாம், கல்லாப்பெட்டியில் வேண்டாம்.

இயந்திரம் தகுதி என்றால் தரவு கிடக்கும் எஸ்எஸ்டி வட்டைத் தொடாமல் புதிதாக ஒன்று வாங்கி, அதில் விண்டோஸ் 11 புரோவைப் போட்டு, தரவைப் பிரதி எடுத்து ஏற்றுங்கள். சரிவராவிட்டால் பழைய எஸ்எஸ்டியைத் திருப்பிப் பூட்டி அரை மணித்தியாலத்தில் கடையைத் திறக்கலாம். காலமும் பார்க்க வேண்டும். காலபோக அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் மாசி, பங்குனியில் ஹாட்வெயார் கடையில் கை வைக்காதீர்கள். மாரி மழை பிடித்துக் கட்டட வேலைகள் நிற்கும் நவம்பரில் ஒரு ஞாயிறு பின்னேரம் செய்யலாம், யூபிஎஸ் ஒன்று இருந்தால். அதுவரைக்கும் பில் போடும் இயந்திரத்தில் மின்னஞ்சல், முகநூல், ஒன்லைன் வங்கி எதுவும் வேண்டாம். பில் மென்பொருளுக்கு இணையம் தேவையில்லை என்றால் வயரையே கழற்றி விடுங்கள்.

மாறிய பிறகு ஒரு மாதக் கணக்கு முடித்துப் பார்க்கும்வரைக்கும் பழைய எஸ்எஸ்டியை எவரும் போர்மட் பண்ண விடாதீர்கள். பில் மென்பொருளின் பெயரையும் பிரின்டர் மொடலையும் எழுதி அனுப்பினால், அந்த இரண்டும் 11இல் ஓடுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.